ரெண்டு பாட்டில் குளுக்கோஸ், ஒரு அட்வைஸ்

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பெண் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தால் முதலில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பாராட்டுவார்கள். ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தால் பக்தி. ராத்திரி சாதம் வேண்டாம் என்றால் கட்டுப்பாடு. எண்ணெயை ஒதுக்கினால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஹெல்த் மேல என்ன அக்கறை பாரு!" மாதவிடாய் நின்று, முடி கொட்டி, மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஆட்டோ கூப்பிடுவார்கள்.

என் சித்தி பெண்ணுக்கு அப்படித்தான் ஆட்டோ வந்தது. அவள் எடை எவ்வளவு இருந்தது என்று எழுத மாட்டேன். இதே நோயோடு இதைப் படிக்கிற யாருக்காவது அந்த எண் ஒரு இலக்காகிவிடும். போன இடத்தில் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "வீக்னெஸ்தான். நல்லா சாப்பிடும்மா, அம்மாவைக் கஷ்டப்படுத்தாதே" என்று அட்வைஸ் செய்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் மறுபடி ஆட்டோ.

அந்த ரெண்டு பாட்டிலோடும் அந்த ஒரு அட்வைஸோடும்தான் எனக்குச் சண்டை.

முதலில் அட்வைஸ். நோயின் பெயர் அனோரெக்ஸியா நெர்வோசா. 1870-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர். அனோரெக்ஸியா என்றால் பசி இல்லாமை. நாமும் 'பசியின்மை நோய்' என்று எழுதிவிடுகிறோம். தப்பான பெயர். பசி இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண் ராத்திரி ரெண்டு மணிக்கு யூட்யூபில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அடை வார்த்துப் போடுவாள், தான் ஒரு விள்ளல் வைக்க மாட்டாள்.

இது திமிர் இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் ஏறக்குறைய கால்வாசி போயிற்று. அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். யாருக்கும் முன்பு மனநோய் கிடையாது. பட்டினியே மனதை அப்படி ஆக்கியது. அந்த நிலையில் இருக்கிற மூளையிடம் போய் "அம்மாவை நினைச்சுப் பாரு" என்றால் என்ன ஏறும்? மனநல சிகிச்சை கட்டாயம் வேண்டும். ஆனால் அது வேலை செய்ய மூளைக்குச் சோறு போயிருக்க வேண்டும். சோறுதான் முதல் மருந்து.

மருந்து என்றால் அளவு உண்டு. அங்கேதான் அந்த ரெண்டு பாட்டில் வருகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகளில் பலர், சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தார்கள். காரணம் பின்னால்தான் தெளிவானது. நெடுநாள் பட்டினியில் உடம்பில் பாஸ்பேட் இருப்பு கரைந்துவிடுகிறது, ஆனால் ரத்தப் பரிசோதனையில் சரியாக இருப்பதுபோலத் தெரியும். திடீரென்று மாவுச்சத்தோ குளுக்கோஸோ உள்ளே போனால் இன்சுலின் ஏறும். இன்சுலின் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் ஓயும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். சர்க்கரை இறங்கிக் கிடந்தால் குளுக்கோஸ் வேண்டும்தான். ஆனால் தயாமின் கொடுக்காமல், பாஸ்பேட் பார்க்காமல், இ.சி.ஜி. எடுக்காமல் 'தெம்புக்கு' பாட்டில் தொங்கவிடுவது வைத்தியம் இல்லை, சூதாட்டம்.

இதற்குப் பயந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பதும் தப்பு. 2020இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 12 முதல் 24 வயது வரையிலான 120 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 1,400 கலோரியில் ஆரம்பம், இன்னொன்றுக்கு 2,000. அதிகம் சாப்பிட்டவர்களின் உடல்நிலை மூன்று நாள் முன்னதாகவே சீரானது. ரத்த உப்புகளில் கூடுதல் கோளாறும் வரவில்லை. மிகவும் மெலிந்தவர்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். எப்படியானாலும் முதல் நாட்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு நர்ஸ். இதெல்லாம் ஒரு ராத்திரி அட்மிஷனில் நடக்காது.

"இதெல்லாம் பணக்கார வியாதி சார், நம்ம ஊர்ல ஏது?" என்பார்கள். 1998இல் வெளியான ஒரு சென்னை ஆய்வு 210 மருத்துவ மாணவர்களிடம் விசாரித்தது. முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும், சாப்பாடு சார்ந்த அவஸ்தை சுமார் 15 சதவீதம் பேருக்கு இருந்தது. டாக்டராகப் போகிறவர்களுக்கே! 1995இல் தில்லி மருத்துவர்கள் எழுதிய ஐந்து இளம்பெண்களின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அவர்கள் யாரும் "நான் குண்டு" என்று சொல்லவில்லை. நம்மூர்ப் பெண்களும் பெரும்பாலும் "வயிறு உப்புது, சாப்பாடு இறங்கல" என்றுதான் சொல்கிறார்கள். நாமும் எண்டோஸ்கோபிக்கு அழைத்துப் போகிறோம்.

நமக்கு இந்த வித்தை தெரியாது என்றும் சொல்ல முடியாது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்காக அரசு மருத்துவமனைகளில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. முதலில் நீர்த்த எஃப்-75 பால், உடம்பு தாங்கியதும் எஃப்-100. அம்மா கூடவே தங்குவாள். அளந்து, பார்த்துப் பார்த்து ஊட்டுவார்கள். ஆனால் விதிப்படி அது 59 மாதம் வரைதான். அறுபதாவது மாதத்துக்கு மேல் பட்டினியால் சாகக் கிடந்தால்? பதினாறு வயதுக்கும் ஒரு வார்டு வேண்டும். இதயம், சிறுநீரகம் பார்க்கிற டாக்டரும் மனநல டாக்டரும் டயட்டீஷியனும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். செலவைப் பற்றிக் கேட்டால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டுங்கள்: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் இன்ஷூரன்ஸ் உண்டோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும்.

ஆஸ்பத்திரி முடிந்தால் வீடு. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சை, பெற்றோரிடமே சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுக்கிறது. நம் அம்மாக்களுக்கு இது புதிதா என்று தோன்றும். புதிதுதான். நமக்குத் தெரிந்தது கெஞ்சல், திட்டு, சத்தியம். இங்கே தட்டில் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்கிறார்கள். விவாதம் கிடையாது. முடியும்வரை கூட உட்காருகிறார்கள். நாளுக்கு ஐந்தாறு முறை, மாதக்கணக்கில். சித்தி லீவு போட்டாள். சித்தப்பா மதியச் சாப்பாட்டுக்கு அடையாறு ஆபீஸிலிருந்து பைக்கில் வந்து போனார்.

நாலு மாதம் அப்படி உட்கார்ந்து ஏற்றியதை தி.நகர் துணிக்கடையில் ஒரு மாமி ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தார்: "நல்லா உடம்பு போட்டுட்டியேடி!" அன்று ராத்திரி தட்டு அப்படியே இருந்தது. மாமிக்கு அன்புதான். நம் எல்லோருக்கும் அன்புதான். குணமாகி வருகிற பெண்ணின் உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு வார்த்தை பேசாதீர்கள். படிப்பைப் பற்றிக் கேளுங்கள், பார்த்த படத்தைப் பற்றிக் கேளுங்கள்.

உங்கள் தங்கையோ தோழியோ இப்படி மெலிந்து மயங்கி விழுந்து, யாராவது அவசரமாகப் பாட்டிலைத் தொங்கவிட வந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "பாஸ்பேட் பார்த்தீங்களா டாக்டர்?"