தட்டு மாறினால் போதுமா?

வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போன இளவயசு மிஷனரிகள் எழுதின கடிதம், டைரி, நினைவுக் குறிப்பு எதை எடுத்துப் படித்தாலும் பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு வந்துவிடும். "முதல் நாள் காரம் தாங்கல, கண்ணுல தண்ணி", "கையால சாப்பிடப் பழகிட்டேன்", "அந்தப் பூச்சி வறுவலையும் ஒரு வாய் போட்டேன்"... இப்படி. படிக்க ஜாலியாகத்தான் இருக்கும். அந்த ஊர் சாப்பாட்டைச் சாப்பிட்டதே பெரிய தியாகம், அந்த மக்களோடு கலந்துவிட்டதற்கு அத்தாட்சி என்கிற மாதிரி ஒரு தொனியும் கூடவே வரும்.

எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தட்டில் என்ன இருந்தது என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் பல பேர் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

முதலில் இன்றைய நிலவரம். மார்மன் சபை இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பெயர் அட்டை, எப்போதும் இரண்டு இரண்டு பேராகத்தான் சுற்றுவார்கள். 2012ல் பையன்களுக்கான வயசு வரம்பை 19லிருந்து 18 ஆக்கினார்கள். நம்மூரில் அந்த வயசில் பையன் காலேஜ் முதல் வருஷம், துணி துவைக்க அம்மா வேணும்! இவர்கள் இரண்டு வருஷம் முன்பின் தெரியாத ஊரில் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஒன்றரை வருஷம். வழக்கமாக காலை ஆறரைக்கு எழுந்திருக்கணும், வேதம் படிக்கணும், அந்த ஊர் மொழி படிக்கணும், அப்புறம் தெருத்தெருவாக நடை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் துணி துவைக்க, காய்கறி வாங்க, முடி வெட்ட. செலவில் பெரும்பகுதி சொந்தச் சேமிப்பு அல்லது வீட்டுக்காரர்கள் கொடுப்பது. 2019 வரைக்கும் வீட்டுக்கு போன் பேச வருஷத்துக்கு இரண்டே தடவைதான் அனுமதி. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் வாரா வாரம் பேசலாம் என்று மாற்றினார்கள்.

இதில் ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கிறது. அவர்கள் சபையில் டீயும் கிடையாது, காபியும் கிடையாது. இப்போ யோசித்துப் பாருங்க. ஆசியாவில் பாதி ஊரில் வீட்டுக்குள் வந்தவனுக்கு முதலில் நீட்டுவதே ஒரு டம்ளர் டீதானே? அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் என்னத்தைப் பேசுவது? ஜப்பானில் கிரீன் டீயும் கூடாது என்பதால் அங்குள்ள சபைக்காரர்கள் பார்லி டீ குடிக்கிறார்கள். கொடுக்கிறவர் மனசு நோகாமல் வாங்குவதற்கு ஒரு வழி. சின்ன விஷயம்தான், ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில்தான் உறவே இருக்கிறது.

நம்மூரில் இதற்கு அழகான ஒரு பேச்சு உண்டு: கை நனைக்கிறது. "வந்துட்டு கை நனைக்காம போறியே" என்று என் பாட்டி சொன்னால் அது உபசாரம் இல்லை, குற்றச்சாட்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்மதம் முடிவாகாமல் கை நனைக்க மாட்டார்கள் சில வீடுகளில். பகை வீட்டில் பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டால் அந்த வீட்டுக்காரனாகி விடுகிறோம் என்பதுதான் இதன் அர்த்தம். பசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிறிஸ்தவ மதத்துக்கும் இது புதுசு இல்லை. லூக்கா எழுதின சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில், ஊர் ஊராக அனுப்பப்பட்ட சீடர்களுக்குக் கொடுக்கப்படுகிற அறிவுரைகளில் ஒன்று, அந்த வீட்டில் எதைக் கொடுக்கிறார்களோ அதைச் சாப்பிடு என்பது. அதோடு விட்டதா? அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, ஊரிலிருந்து யூத ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து நழுவப் பார்த்தார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டே விட்டார். கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. ஆக, அந்தக் காலத்திலேயே மிஷனரிகளுக்குள் நடந்த பெரிய சண்டை ஒன்று சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியது. மெனு பற்றி இல்லை, பந்தி பற்றி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போ நம்ம மதுரைக்கு வருவோம்.

ராபர்ட் தெ நொபிலி 1606ல் மதுரைக்கு வந்தபோது முப்பது வயசு கூட ஆகவில்லை. ரோமில் பெரிய குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு முன்னாலேயே வந்திருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்கிற போர்த்துகீசியப் பாதிரியார் பல வருஷமாக அங்கே இருந்தும் உள்ளூர் இந்துக்கள் யாரும் கிட்டே வரவில்லை. காரணம் என்ன என்று நொபிலி பார்த்தார். பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்கிறவன், சாராயம் குடிக்கிறவன், குளிக்காதவன் என்று ஊரில் பேர். சரி என்று தலைகீழாக மாறினார். கறி, மீன், முட்டை, ஒயின் எல்லாவற்றையும் விட்டார். காவி கட்டினார். பிராமண சமையல்காரர் வைத்துக்கொண்டார். நாளைக்கு ஒரு வேளை, சோறும் காய்கறியும் பாலும். தமிழ், சமஸ்கிருதம் படித்தார். தத்துவ போதகர் என்று பேர்.

இத்தாலிக்காரர் ஒருவர் நம் சாப்பாட்டுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்தாரே என்று நெகிழ்ந்து போகலாம். நானும் அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அந்தத் தட்டுக்கு ஒரு விலை இருந்தது. மேல்சாதிக்காரர் மதிப்பைக் காப்பாற்ற, பெர்னாண்டஸோடு கூட ஒரே வீட்டில் இருக்க முடியாமல் தனி வீடு, தனி கோயில். பிற்பாடு, 1640 வாக்கில், மற்ற சாதியாரிடம் போவதற்கென்று பண்டாரசாமி என்று இன்னொரு வகைப் பாதிரியார்களை ஏற்படுத்தினார்கள். ஒரே சேசு சபைச் சாமியார்கள்தான், ஆனால் ஊர் பார்க்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. சைவச் சாப்பாட்டோடு சேர்த்து அந்தச் சாப்பாட்டைச் சுற்றி இருந்த வேலியையும் அல்லவா எடுத்துக்கொண்டார்கள்!

அடுத்து தரங்கம்பாடி. சீகன்பால்கு ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்கிற சின்ன ஊர்க்காரர். அந்த ஊர் இன்றைக்கும் 'மிளகு கேக்' என்று பேர் வைத்த மசாலா கேக்குக்குப் புகழ் பெற்றது. 1558லிருந்து சுடுகிறார்கள். மிளகு விளைகிற பக்கத்துக்கே அந்த ஊர்ப் பையன் 1706ல் வந்து இறங்கியது ஒரு வேடிக்கைதான். :-) இருபத்திச் சொச்சம் வயசு. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதிப் படித்தார். 1708க்குள் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். அதே வருஷம் டேனிஷ் தளபதி அவரைப் பிடித்து நாலு மாசம் ஜெயிலில் போட்டார். 36 வயசில் செத்துப் போனார்.

அவர் சபையில் 1750ல் வந்த ஷ்வார்ட்ஸ் ஐயர் வந்தபோதும் 23 வயசுதான். திருச்சியில் ஒரு கட்டில் போடுகிற அளவு அறை, தமிழ்ப் பக்குவத்தில் சமைத்த சோறும் கொஞ்சம் காய்கறியும், மாசத்துக்குப் பத்து வராகன் செலவு என்று பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார். எளிமைக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனாலும் அதே மிஷன் கோயிலுக்குள் சாதிக்குத் தனி இடம் தொடர்ந்தது. மறுபடியும் அதே கதை: மிஷனரியின் தட்டு மாறியது, சபையின் பந்தி மாறவில்லை.

பந்தியை மாற்றியே தீருவது என்று கிளம்பியவர்களும் இருந்தார்கள். 1833ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் உட்படப் பலர் எதிர்த்தார்கள். 1840களின் கடைசியில் மதுரை அமெரிக்க மிஷன் அன்பின் விருந்து என்று வைத்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடணும், மாட்டேன் என்றால் சபையில் நடவடிக்கை. 1850ல் சென்னை மிஷனரி மாநாடும் சேர்ந்து சாப்பிடுவதையே சாதியை விட்டதற்குச் சோதனையாக வைத்தது. லைப்சிக் மிஷன் மட்டும் இவ்வளவு கடுமை வேண்டாம் என்று ஒதுங்கி நின்றது.

சேர்ந்து சாப்பிடுவதைப் போய் பரீட்சையாக வைப்பார்களா, கட்டாயத்தில் அன்பு வருமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த வெள்ளைக்காரப் பாதிரியார்கள் தங்கள் சமையல்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார்களா என்று நானும் கேட்பேன். இருந்தாலும் அவர்கள் கை வைத்த இடம் சரியான இடம். பரம்பரை பரம்பரையாகத் திண்ணைக்கு வெளியே நின்றவனுக்கு, பாதிரியார் ரசம் குடிக்கிறாரா சூப் குடிக்கிறாரா என்பதில் என்ன வந்தது? தன் பக்கத்தில் உட்காருவாரா என்பதுதான் அவன் பார்க்கிறது. டீக்கடையில் இரட்டை டம்ளர் வைத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். இரண்டு டம்ளரிலும் இருந்தது ஒரே டீதானே!

இப்போ காற்று திசை மாறி அடிக்கிறது. ஜெர்மனியில் கத்தோலிக்கப் பங்குகளுக்குச் சாமியார் போதவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் இளம் சாமியார்கள் போய் வேலை பார்க்கிறார்கள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேரே 'சாயங்கால ரொட்டி'. ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சித் துண்டு, அவ்வளவுதான். சூடாகச் சாப்பிட்டுப் பழகின நம்ம ஆளுக்கு வயிறு கேட்குமா? ஊறுகாய் பாட்டில் இல்லாமல் யாரும் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றும் தப்பில்லை. நாக்கு பிறந்த ஊரை மறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் இளவயசில் ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு, எந்த மதமாக இருந்தாலும் சரி, நான் சொல்வது இதுதான். காரம் ஒத்துக்கொள்ளவில்லையா, சாப்பிடாதீங்க. உங்க சபையில் காபி கூடாதா, தண்ணி வாங்கிக் குடிங்க. ஆனால் அந்த ஊரில் யார் வீட்டுத் தண்ணியை மற்றவர்கள் குடிக்க மாட்டார்களோ, அந்த வீட்டில் முதலில் கை நனையுங்கள். அப்படிச் செய்தால் மேல்தெரு வீட்டுக் கதவு நாலு மூடும். மூடட்டும். அதைத் தாங்குகிற தெம்பு இருந்தால்தான் நீங்கள் கொண்டு போன செய்திக்கு மரியாதை. மத்தபடி கையால் சாப்பிட்டேன், தரையில் உட்கார்ந்தேன் என்பதெல்லாம் சுற்றுலா போகிறவர்களும் செய்கிறதுதான்.