தடுப்பூசியும் நரம்பு நோயும்: பாதி உண்மை யாருக்கு நன்மை?



பள்ளித் தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவம் வீடுகளுக்குச் செல்லும் பருவம் வந்தால், அதற்கு முன்பே புலனக் குழுக்களில் ஒரு செய்தி உலா வந்துவிடுகிறது. 'ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கைகால் விழுந்துவிடும். அமெரிக்காவே நிறுத்திவிட்டது' என்பது அதன் சாரம். எந்த ஊசி? எந்த ஆண்டு? எத்தனை பேருக்கு? இவை எவையும் அதில் இரா. இதற்கு நம்மில் படித்தவர்கள் தரும் விடை என்ன? 'அதெல்லாம் கட்டுக்கதை, ஊசியால் ஒரு கேடும் வராது' என்கிறார்கள். இவ்விரு கூற்றையும் நான் ஏற்கவில்லை. முன்னது அச்சத்தை விற்கிறது. பின்னது, என்றாவது ஒருநாள் உண்மை தெரிந்த பெற்றோரை முன்னதன் கையில் ஒப்படைத்துவிடுகிறது.

ஏனெனில், அமெரிக்கா நிறுத்தியது உண்மை. 1976ஆம் ஆண்டு தொடக்கத்தில் நியூஜெர்சி மாநிலத்துப் போர்ட் டிக்ஸ் படைமுகாமில் பன்றிக் காய்ச்சல் பரவி, இளம் வீரர் ஒருவர் மாண்டார். 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் மீண்டும் வருகிறதோ என்று அறிவியலாளர்கள் அஞ்சினர். மார்ச்சு 24ஆம் நாள் அதிபர் ஜெரால்டு போர்டு நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி என்று அறிவித்தார். காப்புறுதி நிறுவனங்கள் பொறுப்பேற்க மறுத்தன. ஆகவே ஆகஸ்டு மாதத்தில் சட்டம் இயற்றி, இழப்பீட்டுப் பொறுப்பை அரசே தன் தலையில் சுமந்துகொண்டது. அக்டோபர் 1இல் பணி தொடங்கியது. பதினொரு வாரங்களுக்குள் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர்.

அவர்களுள் சிலருக்குக் கால் கூசியது, பிறகு தளர்ந்தது, தளர்ச்சி மேலே ஏறியது. அதுதான் கில்லன் பாரே நோய். 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தமையால் வந்த பெயர் (மூன்றாமவரை உலகம் மறந்துவிட்டது). கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடற்படையே ஆள் தெரியாமல் நம் நரம்புகளைத் தாக்குவது இந்நோய். பெரும்பாலோர் தேறிவிடுவர். ஆயினும் சிலருக்கு மூச்சுத் தசைகளே செயலிழக்கும். நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் இறப்பர். அமெரிக்க அதிகாரிகள் கணக்கெடுத்தபோது, ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு 1 இலட்சம் பேரிலும் ஏறத்தாழ ஒருவர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இந்நோய்க்கு ஆளாகியிருந்தார். டிசம்பர் 16இல் பணி நிறுத்தப்பட்டது. அஞ்சிய கொள்ளைநோயோ வரவேயில்லை!

அன்பர்களே, இந்தக் கடைசி வரியைத்தான் புலனச் செய்தி விழுங்கிவிடுகிறது. 1 இலட்சத்தில் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆனால் தராசின் மறுதட்டில் நோயே இல்லாதபோது அந்தச் சிறிய எண்ணும் பெரும்பாரம். ஆகவே நிறுத்தியது சரி. அந்த எண்ணை எடுத்துவந்து, கண்முன்னே நோய் பரவும் இடத்தில் வேறோர் ஊசிக்கு எதிராக நிறுத்துவது எந்த ஊர்க் கணக்கு? ஐந்தாம் ஆண்டு மாணவன் இப்படிக் கணக்குப் போட்டால் நாம் சிவப்பு மையால் சுழித்துவிடுவோம்.

1976க்குப் பின் என்ன நடந்தது? ஆண்டுதோறும் போடப்படும் சளிக்காய்ச்சல் ஊசிகளை அதே கண்ணோடு ஆராய்ந்தார்கள். கூடுதல் இடர் இருப்பின், அது 10 இலட்சம் பேருக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவுதான். கனடாவின் ஒன்டாரியோ மாநில ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. அதன்படி, 10 இலட்சம் ஊசிக்கு ஒருவர் போல் இந்நோய் கண்டது. ஆனால் சளிக்காய்ச்சலுக்காக மருத்துவரை நாடிய 10 இலட்சம் பேரில் ஏறத்தாழ 17 பேருக்குக் கண்டது. அதாவது எந்த நோய்க்கு அஞ்சி ஊசியை மறுக்கிறோமோ, அந்நோயை ஊசியைவிட அதிகமாகத் தருவது காய்ச்சலே. இன்னொன்றும் சொல்வேன். கில்லன் பாரே நோயைத் தூண்டும் கிருமிகளுள் முதன்மையானது கேம்பைலோபேக்டர். அது சரியாக வேகாத கோழியிறைச்சியில் இருக்கும். அதற்கு ஆளாவோரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இந்நோய் வரக்கூடும். கோழிச்சோற்றுக் கடையை எச்சரித்து ஒரு புலனச் செய்தியையும் நான் இதுவரை கண்டதில்லை!

பெண்பிள்ளைகளைப் பெற்றோருக்கு வேறு கவலை. நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி உண்டு. 2015இல் வெளியான பிரெஞ்சு அரசு ஆய்வொன்று, அவ்வூசி போட்டவர்களிடம் 1 இலட்சத்திற்கு ஓரிருவர் கூடுதலாக இந்நரம்பு நோய்க்கு ஆளானதாகக் கூறிற்று. மறைக்க வேண்டாம், அப்படித்தான் கூறிற்று. பின்னர் இங்கிலாந்தில் 1 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகளை வைத்துப் பார்த்தபோது அத்தகைய கூடுதல் தென்படவில்லை. சப்பானியர் பிற பக்கவிளைவுப் புகார்களுக்கு அஞ்சி 2013 சூனில் அவ்வூசியைப் பரிந்துரைப்பதைக் கைவிட்டனர். பத்தில் ஏழு சிறுமியர் போட்டுவந்த ஊசி, நூற்றில் ஒருவர்கூடப் போடாத நிலைக்கு வீழ்ந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊசியில்லாமல் வளர்ந்த பெண்களுக்கு யார் விடை சொல்வது?

இப்போது மறுபக்கத்தாரிடம் வருகிறேன். 'ஒரு கேடும் வராது' என்போரே, வரலாறு உங்கள் பக்கம் இல்லை. வெறிநாய்க்கடிக்கு ஆட்டு மூளையிலிருந்து செய்த ஊசியை வயிற்றில் வரிசையாகப் போட்ட காலத்தை நம் தாத்தா பாட்டிமார் அறிவர். டேவிட் செம்பிள் 1911இல் இந்தியாவின் கசௌலியில் உருவாக்கிய முறை அது. மூளைத்திசு கலந்திருந்தமையால் சிலருக்கு உடல் தன் நரம்பையே தாக்கி வாதம் வந்தது. வெறிநோயோ வந்தால் சாவு உறுதி. ஆதலால் அதையும் பொறுத்தார்கள். நல்ல மாற்று வந்தபின் இந்தியா 2004 இறுதியில் அதைக் கைவிட்டது. அண்மையிலும் 2021இல், அஸ்ட்ராசெனகா, ஜான்சன் நிறுவனங்களின் கோவிட் ஊசிகளுக்குக் கில்லன் பாரே நோய் மிக அரிய பக்கவிளைவு என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகளே எழுதிச் சேர்த்தன. மருந்து ஆணையமே எழுதிவைத்ததை நாம் ஏன் பெற்றோரிடம் மறைக்க வேண்டும்? அவர்கள் வேறெங்கோ படித்துவிட்டு வந்து, 'ஏன் ஆசிரியர் சொல்லவில்லை?' என்று கேட்கும் நாளில், மற்ற எல்லாச் சொல்லும் செல்லாக்காசாகிவிடும்.

நம் நாட்டில் மறுதட்டு வெறுமையாக இல்லை. 2016இல் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். 2019 திசம்பரில் சபாவின் துவாரான் வட்டாரத்தில் மூன்று மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது. 1992க்குப் பின் இந்நாட்டில் அதுவே முதல் நிகழ்வு. அக்கிருமி வாய்வழிச் சொட்டுமருந்தில் இருந்த நலிந்த கிருமியின் வழித்தோன்றல் என்பதும் உண்மை. சொட்டுமருந்து பெறாத பலர் வாழும் இடங்களில் சுற்றிச் சுற்றியே அது வலுப்பெறும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எந்தத் தாய்க்கும் புரியும்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, ஒப்புதல் படிவத்தோடு ஒரு பக்கத் தமிழ் விளக்கம் செல்லட்டும். எந்த ஊசி, எந்த நோய்க்கு, வரக்கூடிய கடுமையான விளைவு எது, எத்தனை இலட்சத்தில் ஒருவருக்கு என்று எண்ணோடு எழுதட்டும். முன்பு இந்நரம்பு நோய் கண்ட பிள்ளையாயின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். இரண்டு, இழப்பீடு. 2021இல் நம் அரசு கோவிட் ஊசியால் நிலையான ஊனமோ இறப்போ நேர்ந்தால் 5 இலட்சம் வெள்ளி என்று அறிவித்தது. அமெரிக்காவில் சளிக்காய்ச்சல் ஊசியும் கில்லன் பாரே நோயும் 2017இல் இழப்பீட்டு அட்டவணையிலேயே ஏறிவிட்டன. ஊரின் நலனுக்காகக் கை நீட்டும் பிள்ளைகளுள் இலட்சத்தில் ஒருவருக்கு இடர் நேர்ந்தால், அக்குடும்பத்தை ஊர் தாங்க வேண்டாமா? பள்ளி ஊசிகள் அனைத்திற்கும் அத்தகைய நிதி வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். பிள்ளையின் இரு கால்களும் ஒருசேரத் தளர்ந்தால், நன்றாக ஓடியவன் மாடிப்படியில் கைப்பிடியைத் தேடினால், உடற்கல்வி வேளையில் அதை முதலில் காண்பவர் நீங்கள்தாம். ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், பெற்றோரை அழைத்து அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீர்த் தளர்ச்சி கண்டால் இளம்பிள்ளைவாதக் கண்காணிப்புக்காக மருத்துவர் அதை அறிக்கை செய்தாக வேண்டும். கில்லன் பாரே நோயாயின் எதிர்ப்பொருள் மருந்தும் குருதி ஊனீர் மாற்றமும் உண்டு. முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் அவை நன்கு பயன்தரும்.