தறி வரை வரட்டும் வேகம்

கோயில் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதர் 2019 ஜூலை 1 தொடங்கி 48 நாள் காட்சி தந்தபோது காஞ்சிபுரத்தில் செல்போன்கள் பட்ட பாட்டை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்துபோனதாகச் சொன்னார்கள். எல்லார் கையிலும் 4ஜி. சிக்னல் கோடு முழுசாக நிற்கும், ஆனால் சன்னதித் தெருவிலிருந்து ஒரு படம் போகாது. கூட்டத்தில் பிரிந்துபோன பெரியவரைத் தேடிக் கூப்பிட்டால் அழைப்பு சேராது.

அதற்கு முன் அவர் குளத்தைவிட்டு எழுந்தருளிய 1979இல் இந்தத் தொல்லை இல்லை, செல்போனே இல்லை. அந்த வருடம் டிசம்பரில்தான் டோக்கியோவில், கார்களில் பொருத்தும் தொலைபேசிக்காக, உலகின் முதல் வணிகச் செல்லுலார் சேவை தொடங்கியது. 2019 ஏப்ரலில் தென்கொரியா 5ஜியைத் தொடங்கியது. இரண்டு தரிசனங்களுக்கு நடுவே ஐந்து தலைமுறை வந்துவிட்டது. அடுத்த தரிசனம் 2059இல். அன்றைக்கு எத்தனையாவது ‘ஜி’ இருந்தாலும், கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு ஒரு படம் அனுப்ப முடியுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சிக்னல் கோடு, செல்போன் கோபுரத்தின் குரல் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். அந்தக் கோபுரத்தை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்று காட்டாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிக்கு வகுத்த இலக்கையே பாருங்கள். உச்ச வேகம் நொடிக்கு 20 கிகாபிட். நெருக்கமான நகரத்தில் ஒரு பயனாளருக்குக் கிடைக்க வேண்டியது 100 மெகாபிட். இருநூறில் ஒரு பங்கு. 2030 வாக்கில் வரவிருக்கும் 6ஜிக்காக 2023இல் வெளியான சட்டகத்தில் உச்சத்துக்கு 200 கிகாபிட் வரையும், பயனாளருக்கு 300 முதல் 500 மெகாபிட்டும் பேசப்படுகின்றன. விளம்பரப் பலகைக்கு ஏறுவது எப்போதும் முதல் எண்தான்.

வீட்டு வைஃபையிலும் இதே கதை. வைஃபை 7க்குச் சான்றளிப்பது 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் உச்சம் 46 கிகாபிட் என்கிறார்கள். அந்த எண் வர வேண்டுமென்றால் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் வேண்டும், ஒரே சமயத்தில் 16 ஓடைகளில் தகவல் பாய வேண்டும். நல்ல விலை கொடுத்து வாங்கும் போனில் இருப்பதே இரண்டு ஓடை. அவ்வளவு அகலமான சேனல் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் கிடைக்கும். அமெரிக்கா 2020 ஏப்ரலில் அந்தப் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2025 மே மாதம்தான் வரைவு விதிகள் வந்தன, அதுவும் 500 மெகாஹெர்ட்ஸுக்கு. அதில் 320 அகலச் சேனல் ஒன்றே ஒன்றுதான் அடங்கும்.

ஐபோன் 16 வைஃபை 7 உள்ள போன். 2024இல் அது நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. அப்போது அதைச் செய்த ஊரிலேயே அதன் 6 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்த வழி இருக்கவில்லை. பக்கத்து ஒரகடத்தில் நோக்கியா ஆலை 5ஜி ஆன்டெனாக் கருவிகள் செய்கிறது. உலகத்துக்கு வேகம் செய்து அனுப்பும் மாவட்டம் இது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் கையில் இருப்பதோ பெரும்பாலும் விலை குறைந்த போன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஓடை மட்டும் தெரிந்த வைஃபை 4 போனுக்கு, சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஏட்டளவு வேகமே 72 மெகாபிட்தான். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. வீட்டில் எந்தப் புது மோடத்தை வைத்தாலும் அந்த போன் மாறப்போவதில்லை.

பட்டு வியாபாரம் இப்போது வீடியோ காலில் நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ ஒரு பெண் கல்யாணப் புடவை பார்க்கிறார். அவர் கேட்பதெல்லாம் நுணுக்கமானவை. உடலும் கரையும் சேருகிற கோர்வையைக் கிட்டத்தில் காட்டுங்கள், முந்தியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டுங்கள், மயில்கழுத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த அந்தப் புடவை, சாய்க்கும்போதுதான் தன் இரண்டு நிறத்தையும் காட்டும். அந்த நேரம் பார்த்து இணைப்பு தளரும். தளர்ந்ததும் செயலி படத்தின் தெளிவைக் குறைத்து அனுப்புகிறது. புட்டாக்கள் கரைந்து திட்டாகின்றன, ஜரிகை மஞ்சள் பூச்சாகத் தெரிகிறது, கோர்வையின் பல் மறைந்துவிடுகிறது. கைத்தறி என்பதற்கு அந்தப் புடவையே காட்டும் சாட்சிகள் இவை. இவை தெரியாவிட்டால் விசைத்தறிப் புடவைக்கும் இதற்கும் திரையில் என்ன வித்தியாசம்? வாரக்கணக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்ததை ஒரு மங்கிய படம் விலை குறைக்கிறது. எனக்கு இது தொழில்நுட்பக் கேள்வியாகவே தெரியவில்லை, கூலிக் கேள்வியாகத் தெரிகிறது.

இத்தனைக்கும் இந்த வீடியோவுக்கு ஒன்றிரண்டு மெகாபிட் போதும். ஆனால் அது மேலே போக வேண்டும், விடாமல் போக வேண்டும். நெசவு வீடுகள் நீளவாக்கில் உள்ளே போகிறவை. மோடம் வாசல் அறையில், பல வீடுகளில் இரும்பு பீரோவின் தலைமேல். தறி சுவர்கள் தாண்டி உள்ளே. மோடத்தின் குரல் போனுக்குக் கேட்டுவிடும், போனின் மெலிந்த குரல் மோடத்துக்குக் கேட்காது. போதாததற்குச் சுவரோடு சுவர் ஒட்டிய தெரு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. தறியில் ஒரு சமயம் ஒரு ஊடைதான் ஓடும், வைஃபை சேனலும் அப்படித்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சீரியல் ஓடினால் இங்கே மயில்கழுத்து மங்கும்.

அதனால்தான் வைஃபை 8 பற்றிய செய்திகளை நான் ஆர்வமாகப் படிக்கிறேன். 802.11பிஎன் என்ற பெயரில் உருவாகிவரும் அந்தத் தரம் 2028 வாக்கில் முடியும் என்று எதிர்பார்க்கிறார்கள். உச்ச வேகத்தைக் கூட்டுவது அதன் நோக்கமே அல்ல. சிக்னல் மோசமான இடத்தில் இப்போதைவிட 25 சதவீதம் கூடுதல் வேகம், மிக மோசமான தாமதங்களில் 25 சதவீதம் குறைவு, ஒரு வைஃபை புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது தகவல் தொலைவதில் அதே அளவு குறைவு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். போனிலிருந்து மோடத்துக்குப் போகும் குரலுக்குத் தெம்பூட்டும் ஏற்பாடும் அதில் உண்டு. பெரிய எண்ணைத் துரத்துவதை விட்டு, உள்ளறையில் இருப்பவரை நினைத்து எழுதுகிறார்கள். இதை மனதார வரவேற்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். மோடத்தை பீரோவிலிருந்து இறக்குங்கள். தறிக்கூடம் வரை ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். புது மோடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும். போனில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதில் சேருங்கள். சுவர் தாண்டாது, ஆனால் அதே அறைக்குள் நெரிசல் குறைவு.

மற்றது அரசு செய்ய வேண்டியது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 512 கிலோபிட் போதும் என்று நெடுநாள் இருந்தது, 2023 ஜனவரியில் அதை 2 மெகாபிட் ஆக்கினார்கள். இரண்டுமே பதிவிறக்க வேகம். புடவையைக் காட்டுகிறவருக்குத் தேவைப்படும் பதிவேற்ற வேகத்துக்கு அந்த வரையறையில் ஒரு எண்கூட இல்லை. அடுத்த திருத்தத்தில் அது வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் சேர்ந்து இப்போதே ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.