பறக்கும் தட்டா, வெள்ளிக் கோளா? ராணுவம் விசாரித்தால் மட்டும் போதுமா?

மதுரைக்கு மேற்கே, நாகமலைக்கு மேல் சில மாதங்களில் சாயங்கால நேரத்தில் ஓர் ஒளிப்புள்ளி பளிச்சென்று தெரியும். ‘என்னப்பா அது, நகரவே மாட்டேங்குது?’ என்று மொட்டை மாடியில் பேச்சு கிளம்பும். அரை மணி நேரத்தில் அது வாட்ஸ்ஆப்பில் ‘பறக்கும் தட்டு’ ஆகிவிடும். பெரும்பாலும் அது வெள்ளிக் கோள்தான்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்திய ராணுவமே இப்படிக் குழம்பியிருக்கிறது.

லடாக்கில் நடந்தது என்ன?

பாங்காங் ஏரிப் பகுதியில் எல்லையைக் காத்த வீரர்கள், 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை மர்ம ஒளிகளைப் பார்த்ததாகக் குறித்து வைத்தார்கள். அதில் 155 முறை அவை இந்தியப் பக்கம் வந்ததாகவும் பதிவானது. சீனாவின் உளவு ட்ரோனாக இருக்குமோ என்பதுதான் கவலை.

ராணுவம் இந்திய வான் இயற்பியல் மையத்தை நாடியது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம்தான். ஒளி தெரிந்த நேரம், திசை, உயரம் எல்லாவற்றையும் கோள்களின் நகர்வோடு ஒப்பிட்டார்கள். விடை கிடைத்தது: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. உயரமான மலையில் காற்று தெளிவாக இருப்பதால் கோள்கள் கூடுதலாக ஜொலிக்கும். வீரர்கள் ஒழுங்காகக் குறிப்பெடுத்ததால்தான் இந்த விடை சாத்தியமானது.

இம்பாலில் வேறு கதை

2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ பறப்பதாகத் தகவல் வந்ததும், சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில விமானங்கள் திருப்பி விடப்பட்டன. தேடுவதற்கு ரஃபேல் போர் விமானங்கள் அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன. வான் பாதுகாப்பு ஏற்பாடுகள் முடுக்கிவிடப்பட்டதாகவும், அந்தச் சிறிய பொருள் பிறகு தென்படவில்லை என்றும் விமானப்படையின் கிழக்குப் பிரிவு சொன்னது. அது என்ன என்பது மட்டும் அந்த அறிவிப்பில் இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை வந்த 12,618 புகார்களை ஆராய்ந்தது. 701 புகார்களுக்கு விடை தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, கோப்புகளையும் மக்கள் பார்வைக்கு வைத்தது. விடை தெரியவில்லை என்றால் ஏலியன் என்று அர்த்தமில்லை. முடிவு செய்யத் தகவல் போதவில்லை என்பதுதான். பிரான்ஸில் 1977 முதல் விண்வெளி நிறுவனத்தின் கீழ் ஒரு தனிப்பிரிவே இதற்காக இயங்குகிறது. பொதுமக்கள் சொல்வதைப் பதிவு செய்து, ஆய்வு முடிவுகளையும் வெளியிடுகிறது.

ரகசியம் எதுவரை?

‘பாதுகாப்பு விஷயத்தை வெளியே சொல்ல முடியுமா?’ என்ற கேள்வி நியாயமானதே. ரேடார் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் ‘அது பலூன்’, ‘அது கோள்’, ‘இன்னும் தெரியவில்லை’ என்று ஒரு வரி சொல்வதால் எந்த ரகசியமும் கசியாது.

நாளை மதுரை விமான நிலையத்திலேயே இப்படி நடந்தால், மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் பயணிக்குக் காரணம் தெரிய உரிமை உண்டு. விசாரணையை ராணுவம் நடத்தட்டும். முடிவை மக்களுக்குச் சொல்லட்டும். அரசு வாய் திறக்காவிட்டால், அந்த இடத்தில் வாட்ஸ்ஆப் பேசும்.