எக்டரின் உடலும் எங்கள் பிள்ளைகளும்

2018ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், பி.பி.சி. நிறுவனம் தன் தொலைக்காட்சியில் ஒரு தொடர் நாடகத்தை அரங்கேற்றியது. "துரோய்: ஒரு நகரின் வீழ்ச்சி" என்பது அதன் பெயர். பழங் கிரேக்கரின் போர்க்கதை எட்டுப் பகுதிகளாக விரிந்தது. அக்கிலீசு என்னும் வீரனாகக் கறுப்பினத்தவர் ஒருவர் நடிக்கலாமா என்று மேனாட்டார் பெரும் வழக்காடினர்.

மூன்று நாட்கள் சென்றன. பெப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஓராண்டை எட்டியது. அதற்காக வழக்காடியவர் எத்தனை பேர்?

கதையை நாம் பழிக்கவில்லை. கதையைச் சரியாகப் படியுங்கள் என்றே சொல்கிறோம். துரோய் என்றதும் எல்லோருக்கும் மரக்குதிரைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஹோமரின் இலியட் குதிரையோடு முடியவில்லை. ஓர் ஈமச்சடங்கோடு முடிகிறது. மகன் எக்டரைக் கொன்றவனின் பாசறைக்கே முதிய மன்னன் பிரியாம் இரவில் சென்று, கொன்ற கையை முத்தமிட்டு, உடலைத் தா என்று இரந்தான். அக்கிலீசும் அழுதான். உடலைக் கழுவித் துணி போர்த்துக் கொடுத்தான். சடங்கு முடியும்வரை பதினொரு நாள் போரை நிறுத்துவதாகவும் வாக்களித்தான். கொடியவனென்று பெயரெடுத்தவனுக்கும் அவ்வளவு தெரிந்திருந்தது!

இனி எங்கள் தீவகத்துக்கு வாருங்கள். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகள், பெண்கள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. எனினும் அழுவதற்கு உடல்களாவது கிடைத்தன. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலரின் உடலும் இல்லை, சேதியும் இல்லை. 2006 ஆகஸ்ட் 20ஆம் நாள் அல்லைப்பிட்டிப் பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், உடன் சென்றவரோடு மறைந்தார். எங்கே அவர்? எங்கள் பிரியாம்கள் எந்தப் பாசறை வாசலுக்குச் செல்வது?

கொழும்பு அரசு அதற்கொரு வாசலைக் காட்டியது. அந்த 2018 பெப்ரவரி முடிவதற்குள்ளேயே காணாமற் போனோர் அலுவலகத்துக்கு ஆணையாளர்களை நியமித்தது. 2022இல் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. என்னே தலைகீழான நீதி! பிரியாம் பொன்னைக் கொடுத்து உடலைப் பெற்றான். இங்கோ, உடலைக் கேளாதே என்று தந்தையின் கையில் பணத்தைத் திணிக்கப் பார்க்கிறார்கள். விலை கேட்டா அந்தத் தாய்மார் வெயிலில் இருந்தனர்? அவர்கள் கேட்டது விடை!

சிங்கள மக்கள் அனைவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. கி.மு. 416இல் ஏதென்ஸ் அரசு மீலோஸ் என்ற சிறு தீவை அழித்து, ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டே ஏதென்ஸ் நகரத்துக் கவிஞன் யூரிப்பிடீஸ், தோற்ற துரோயப் பெண்களின் கண்ணீரைத் தன் மக்கள்முன் மேடையேற்றினான். அந்த நாடகத்தையே, நம் நாட்டில் போர் எரிந்துகொண்டிருந்த 2000ஆம் ஆண்டளவில், தர்மசிறி பண்டாரநாயக்க என்ற கலைஞர் சிங்களத்தில் மேடையேற்றினார். அந்த நெஞ்சுரத்தை வணங்குகிறோம். ஒரு கலைஞனுக்கு இருந்த துணிவு ஓர் அரசுக்கு ஏன் இல்லை?

துரோய்க்காகக் கண்ணீர் விடும் உலகமே! மண்டைதீவும் அல்லைப்பிட்டியும் பழங்கதைகள் அல்ல. அங்கே காத்திருந்த தாய்மார் ஒவ்வொருவராய்க் கண்மூடி வருகின்றனர். எங்களுக்கு நாடகம் வேண்டாம். நாணயமான விடை வேண்டும். அக்கிலீசு அன்று ஒரே இரவில் செய்ததை, அரசே, நீ இத்தனை ஆண்டுகளிலும் செய்யவில்லையே!