ஒன்றரை சென்டிமீட்டருக்காகப் பெரிய டயரா?

வாழைத்தார் ஏற்றும் பிக்கப்பில் டயர் தேய்ந்துவிட்டதா? ஒரு சைஸ் பெரிதாகப் போடலாம் என்பார்கள். வேண்டாம் என்பேன்.

கணக்குப் பாருங்கள். 215/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 70 செ.மீ. அதே ரிம்மில் 235/75 மாட்டினால் 3 செ.மீ. கூடும். வண்டியின் அடிப்பாகம் உயர்வதோ அதில் பாதிதான். மண்பாதைக்கு இது எம்மாத்திரம்? ஆனால் லோடுடன் மேடேறும்போது இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் மட்கார்டில் உரசலாம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பாரமோ ஒரு கிலோகூட ஏறாது.

கம்பெனி சைஸிலேயே, பட்டன் ஆழமான டயராகக் கேளுங்கள். பக்கவாட்டில் உள்ள லோடு இண்டெக்ஸ் எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. மலிவு என்று கார் டயரை மாட்டிவிடுவோரும் உண்டு; எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.