கயிறு என்ன விலை?

“இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா சார்?”

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டாகிவிட்டது. நீங்களும் பார்த்தால் இதைத்தான் கேட்பீர்கள். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பட்டை, கீழே கொந்தளிக்கும் கடல், செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நான். 2023 செப்டம்பரில் எடுத்த படம். இடம், இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்வானேஜ் என்கிற சின்ன ஊரை ஒட்டிய கடற்பாறைகள். யுனெஸ்கோ 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஜுராசிக் கடற்கரையின் கிழக்கு முனை. அங்கே வேலை பார்க்கும் நம்ம ஊர் நண்பரும் அவருடைய வெள்ளைக்கார சகாக்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதற்குத்தான் போகிறார்கள். “சும்மா வந்து பாருங்கண்ணே” என்று கூப்பிட்டார் நண்பர். சும்மா பார்க்க விடவில்லை.

உயிரோடு விளையாடுகிற திமிர் பிடித்த வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கே நான் பார்த்தது வேறு.

மலையில் ஏறுவது போல் அல்ல கடற்பாறை. மேலிருந்து முதலில் கயிற்றில் கீழே இறங்க வேண்டும். அலைக்குச் சற்று மேலே ஒரு பாறைத் திட்டு. அங்கிருந்து ஏறி வருவதுதான் திரும்பும் வழி. ஏற முடியாவிட்டால், கடல் ஏறிவிட்டால், சங்கடம்தான். அதனால் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை முதல் நாள் ராத்திரியே அட்டவணையில் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். பக்கத்துப் பாறைகள் சிலவற்றில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை யாரும் ஏறக் கூடாதாம். கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். காவலுக்கு ஒரு போலீஸ்காரர்கூட இல்லை, ஏறுகிறவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

மேலே புல்தரையில் அறைந்த இரும்புக் கம்பிகளில் கயிற்றைக் கட்டினார்கள். ஒரு கம்பி போதாதா என்றேன். “ஒண்ணு போனா இன்னொண்ணு” என்றார் நண்பர். (சென்னையில் இருந்த வரை ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து பைக் ஓட்டிய அதே நண்பர்!) கயிறும் நம் வீட்டுக் கிணற்றுக் கயிறு மாதிரி இல்லை. விழுந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு. நீளாத கயிறு விழுகிறவனை வெடுக்கென்று நிறுத்தும். உயிர் தப்பினாலும் முதுகெலும்பு தப்பாது. பார்க்கப் புதுசாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் எந்தக் கயிற்றையும் வைத்திருக்க மாட்டார்களாம்.

அதன் பிறகு நடந்ததுதான் இதை எழுத வைத்தது. அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர், இருபது வருடத்துக்கு மேல் பாறை ஏறுகிறவர், தன் இடுப்பில் எட்டு முடிச்சைப் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்து நின்றார். “சரியா இருக்கா பாருங்க.” எனக்கு அந்த முடிச்சைக் கற்றுக்கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை! நான் என்னத்தைப் பார்ப்பது? நண்பரிடம் கேட்டேன். “பழகினவன்தான் அசால்ட்டா இருப்பான். அதான் கட்டாயம் இன்னொருத்தர் பார்க்கணும்” என்றார்.

நான் ஏறிய பாதை அவர்கள் கணக்கில் ‘மிகக் கடினம்’ என்கிற தரம். பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த ஊர் அளவுகோலில் அது அடிமட்டத்திலிருந்து இரண்டாவதோ மூன்றாவதோ படி என்று அப்புறம்தான் சொன்னார்கள். நாலு மாடி உயரம் இருக்கும். பாதியில் முழங்கால் தையல் மெஷின் மாதிரி உதறியது. கீழே பார்க்காதே என்றால் கண் கீழேதான் போகிறது. ஆனாலும் மேலே ஒருவர் என் கயிற்றை விடாமல் பிடித்திருந்தார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அடுத்த காலை எடுத்து வைத்தேன்.

பாறையின் பாதியில் தொங்கியபோது எனக்கு எங்கள் அடுக்குமாடி ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தைய வருடம் வெளிச்சுவருக்கு பெயிண்ட் அடித்தார்கள். ஐந்தாவது மாடிக்கு வெளியே, ஒரு பலகையில் உட்கார்ந்து ஓர் இளைஞன். பலகையைத் தாங்கிய கயிறு மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. இடுப்பில் பட்டை இல்லை, தலையில் ஹெல்மெட் இல்லை, இரண்டாவது கயிறும் கிடையாது. மேஸ்திரியிடம் கேட்டேன். “பழக்கப்பட்டவங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார். நானும் சரி என்று உள்ளே போய்க் காபி குடித்தேன்.

இந்தப் ‘பழக்கப்பட்டவங்க’ என்கிற வார்த்தையை எங்கெல்லாம் சொல்கிறோம், யோசித்துப் பாருங்கள். பனை ஏறுகிறவரா? பழக்கப்பட்டவர். கிணறு தூர் வாருகிறவரா? பழக்கப்பட்டவர். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர்? ரொம்பப் பழக்கப்பட்டவர்! எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று அவருடைய ஜாதிச் சான்றிதழைப் பார்த்தால் தெரியும். கையால் மலம் அள்ள வைப்பதையும், பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் தடை செய்து 2013-லேயே சட்டம் வந்தாயிற்று. அதற்குள் சாகிறவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், நான் ஊர் திரும்பிய அடுத்த மாதம், 2023 அக்டோபரில், அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது. ஆள் இறங்குவது நின்றதா?

‘அது பணக்கார நாடு சார், பொழுதுபோக்குக்குக் காசு இருக்கு’ என்பீர்கள். என் இடுப்பில் கட்டிய பட்டையும், கயிறும், ஹெல்மெட்டும் சேர்ந்தாலும் எங்கள் கட்டடத்து பெயிண்ட் பில்லில் ஒரு ஓரத்துக்குக் காணாது. குறைந்த கொட்டேஷன் கொடுத்தவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் கை தூக்கியிருக்கிறேன். எதில் குறைத்துக் குறைந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வேடிக்கைக்கு ஏறிய எனக்கு ஒரு ஆள் முடிச்சைப் பார்க்க, ஒரு ஆள் கயிறு பிடிக்க. வயிற்றுக்காகத் தொங்கியவனுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். இதில் எது திமிர்?

எங்கள் குடியிருப்பில் மறுபடி பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து, ஆளுக்கு ஒரு இடுப்புப் பட்டை, தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு, இதெல்லாம் இல்லாத கொட்டேஷனைப் பிரிக்கவே வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“நல்ல யோசனைதான் சார். ஒரு ஃபிளாட்டுக்கு எவ்வளவு எக்ஸ்ட்ரா வரும்?”